மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்
டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வாழ்வும் பணியும்

சவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு நம் துறை மாணாக்கரை அழைத்துச் சென்ற ஓர் இரவை முதற்கண் குறிப்பிட வேண்டும். வைணு பாப்பு என்னும் வானியலறிஞர் தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-இல் ஒரு சிறு தொலைநோக்கியுடன் தொடங்கிய அந்நிலையத்தில், 1986-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. அதனைக் காண அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். அவர் பெயரே இன்று அந்த வான்நோக்ககத்தின் பெயர்.

இருள் கவிந்தபின் வெளியே நின்றோம். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் காத்திருங்கள் என்றும், மங்கலான ஒளியை நேராக நோக்காமல் சற்றே ஓரமாக நோக்குங்கள் என்றும் உடன்வந்த அறிவியல் ஆசிரியர் கூறினார். அவ்வாறே நோக்க, ஆந்திரமேடா விண்மீன் திரள் பஞ்சுத் துணுக்குப் போலப் புலப்பட்டது. அவ்வொளி புறப்பட்டு ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆயின என்றதும் மாணவி ஒருத்தி ஒரு வினா எழுப்பினாள். அத்தனை தொலைவு கடந்து வந்த ஒளி, கண்ணிலிருந்து மூளைக்கு உள்ள ஒரு சாண் தொலைவை எப்படிக் கடக்கிறது என்பதே அது. ஆசிரியர் விடையளிக்கத் தொடங்கினார். அவருக்கு விடை நன்கு தெரியும், தமிழ்தான் தடுமாறிற்று. ஒரு சொற்றொடருக்கு நான்கு ஆங்கிலச் சொற்கள் வந்து விழுந்தன. அருகில் நின்ற தமிழாசிரியர்களாகிய நாங்களும் அவருக்கு உதவ இயலாது விழித்தோம் என்பதை மறைப்பதில் பயனில்லை.

மனித நரம்பு மண்டலத்தைத் தமிழில் விளக்க இயலுமா என்னும் ஐயம் அன்றிரவு எழுந்தது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் அதனைச் செய்து காட்டிவிட்டார். அவர் தமிழரல்லர், தமிழ்நாட்டிலும் வாழ்ந்தவரல்லர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் பயிற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களே அவர்.

அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் உஸ்டர் என்னும் நகரை அடுத்த கிறீன்ஹில் பண்ணையில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த பெருங்குடும்பம். அவருக்கு இரண்டாண்டு மூத்த தமையனார் ஆண்ட்ரூ ஆசுவெல் கிறீன், நியூயார்க் நகரின் வரலாற்றில் அழியா இடம் பெற்றவர். நடுவண் பூங்கா உருவானதிலும், 1898-இல் சுற்றுப்புற ஊர்கள் இணைந்து பெருநகர் நியூயார்க் தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது. ஒரு வீட்டில் பிறந்த இருவருள் ஒருவர் உலகின் பெருநகர் ஒன்றை உருவாக்க, மற்றவர் பனைமரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரைத் தேர்ந்துகொண்டார். தமையனாரைப் பற்றி நியூயார்க் மக்களே இன்று பெரிதும் அறியார் என்பர். தம்பியை நாமும் அறியோம்.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னரே அத்தீவகத்தில் மருத்துவப்பணி ஆற்றியவர்கள் உண்டு. 1820-இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கிய டாக்டர் ஜான் ஸ்கடர் அவர்களுள் மூத்தவர். அவருடைய பேத்தியாரே வேலூர் மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார். சவ்வாது மலையிலிருந்து இறங்கினால் அண்மையிலுள்ள அந்த வேலூரில்தான், 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களால் நாட்டின் முதல் நரம்பியல் துறை தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் ஊன்றிய ஒரு விதை எங்கெங்கோ கிளைத்திருக்கிறது.

வட்டுக்கோட்டையில் சில காலம் தங்கிய கிறீன் 1848-இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். நோயாளரைப் பார்ப்பதோடு நில்லாமல் அவ்வாண்டே சில இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? பேதிநோய் அந்நாளில் யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கிற்று. ஊர்தோறும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாலன்றித் தீர்வில்லை என்பதை அவர் கண்டார்.

முதலில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆயினும் தமிழில் நூல் வேண்டும் என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே அவரிடம் வேரூன்றியிருந்தது. காலவின் கட்டர் என்பார் எழுதிய உடல்நூலை 1850-களில் அவர் தமிழாக்கி வெளியிட்டார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்பன அதன் பிரிவுகள். உடலின் கட்டமைப்பைக் கூறுவது அங்காதிபாதம். உறுப்புகளின் செயலைக் கூறுவது சுகரணவாதம். உடல்நலம் பேணும் நெறியைக் கூறுவது உற்பாலனம். இன்று நாம் உடற்கூற்றியல், உடலியங்கியல் என்கிறோம். கிறீனாரின் சொற்கள் வடமொழி மணம் மிக்கவை. இன்றைய மாணாக்கர் நாவுக்கு எளிதில் வாரா. ஆனால் கடினமான சொல் ஒன்று இருப்பதற்கும் சொல்லே இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, காவலூரில் அன்றிரவு விழித்து நின்ற நாங்கள் நன்கு உணர்ந்தோம்.

கிறீனார் தமிழாக்கப் புகுந்த அறிவு அப்பொழுது எந்நிலையில் இருந்தது என்பதையும் காணல் வேண்டும். அவர் பிறந்த 1822-ஆம் ஆண்டிலேதான் பிரான்சு நாட்டு மஜான்டி என்னும் அறிஞர், முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாணிலிருந்து புறப்படும் நரம்பு வேர்களை ஆராய்ந்து முடிவு வெளியிட்டார். முன்புற வேர் தசைக்கு ஆணை கொண்டு செல்கிறது. பின்புற வேர் உணர்ச்சியைக் கொண்டு வருகிறது. இங்கிலாந்தின் சார்லசு பெல் இதன் ஒரு பகுதியை முன்னரே கண்டிருந்தார். போவது ஒரு வழி, வருவது ஒரு வழி என்னும் இவ்வுண்மையே நரம்பு மண்டலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். காலில் முள் தைக்கிறது. செய்தி பின்வேர் வழியாக முண்ணாணை அடைகிறது. மூளை அதனை அறிந்து வலி என்று உணர்வதற்கு முன்னரே, முன்வேர் வழியாக ஆணை திரும்பிவந்து காலை இழுத்துவிடுகிறது. இதுவே அனிச்சைச் செயல். ஐயோ என்று வாய் அலறுவது அதற்கு அடுத்தபடியே.

இச்செய்தி எத்துணை விரைவாகச் செல்கிறது என்பது கிறீனார் மானிப்பாய்க்கு வந்து ஈராண்டு கழித்தே தெரிந்தது. செருமானிய அறிஞர் எல்ம்ஓல்ட்சு 1850-இல் தவளையின் நரம்பில் அதனை அளந்தார். நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். அதுவரை அளக்கவொண்ணா வேகம் என்று அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். மனித உடலில் கொழுப்புறை போர்த்த பருத்த நரம்பிழைகளில் அவ்வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் கடக்கும். உறையற்ற மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவே. கல்லில் இடித்துக்கொண்ட கால்விரலில் சுருக்கென்று ஒரு வலியும், சற்று நேரம் கழித்து விண்விண்ணென்று மற்றொரு வலியும் தோன்றுவது இதனாலேயே. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டவை, வழிகள் வேறு.

வலி பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று கூறவேண்டும். கிறீன் தாய்நாட்டை விட்டுப் புறப்படுவதற்குச் சில திங்கள் முன்னரே, 1846 அக்டோபரில், அவருடைய மாநிலத் தலைநகரான போஸ்டனில் ஈதர் ஆவியால் உணர்விழக்கச் செய்து அறுவை செய்யும் முறை முதன்முதலில் வெளிப்படையாக மெய்ப்பிக்கப்பெற்றது. மருத்துவ வரலாற்றின் இரு யுகங்கள் சந்தித்த இடத்தில் நின்ற தலைமுறை அவருடையது.

சொல்லாக்கத்துக்கு மீள்வோம். நரம்பு என்பது நம் பழந்தமிழ்ச் சொல்தான். ஆனால் சங்க நூல்களில் அது யாழில் கட்டிய நரம்பு. முதியோர் உடலில் புடைத்துத் தோன்றும் நரம்பு. இரத்தக் குழாய், தசைநாண், உணர்ச்சி கடத்தும் இழை ஆகிய மூன்றையும் பேச்சு வழக்கில் இன்றும் நாம் நரம்பு என்றே கூறுகிறோம். இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியின் நியூரான் என்னும் சொல்லும் தசைநாணையும் கயிற்றையுமே முதலில் குறித்தது. அரபு மொழியின் அஸப் என்னும் சொல்லும் அத்தகையதே. மூன்று பழைய மொழிகளும் வெண்மையாய் நீண்டு கிடக்கும் இழையைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டிருக்கின்றன. அறிவியல் வளரும்பொழுதுதான் ஒரு சொல் மூன்றாகப் பிரிகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நாடி, நாளம், நரம்பு என்று பிரித்து வழங்குவதையும், நாம் தமனி, சிரை, நரம்பு என்று வழங்குவதையும் மாணாக்கர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தண்டுவடத்துக்கு அவர்கள் கூறும் முண்ணாண் என்னும் சொல்லை நான் பெரிதும் விரும்புகிறேன். இக்கட்டுரையிலும் அதையே ஆண்டிருக்கிறேன்.

சொல் தேடுவதில் கிறீனார் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடுதல். கிடையாவிடின் வடமொழியை நாடுதல். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆளுதல். வேதியியலுக்குக் கெமிஸ்தம் என்று அவர் பெயரிட்டது இம்மூன்றாம் வகை. பின்னாளில் தமிழகத்தில் அமைந்த கலைச்சொற் குழுக்கள் பலவும் கூடி விவாதித்த வழிகள் இவையே. ஒரு பிற நாட்டார், தம் மாணாக்கரின் துணையொன்றையே கொண்டு, இவ்வழியில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழில் கொணர்ந்தார். டான்போர்த், சாப்மன், போல், சுவாமிநாதன் ஆகிய மாணாக்கரின் உழைப்பு இன்றி இது கைகூடியிராது. அவர்கள் பெயர்களையும் கிறீனாரின் பெயரோடு சேர்த்தே கூறுதல் அறம்.

1857-இல் தாயகம் சென்ற கிறீன், 1862-இல் மார்கரெட் அம்மையாரை மணந்து அவருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை ஒரு துணிவான முடிவோடு வந்தார். 1864 முதல் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தத் தொடங்கினார்.

இதனை மாணாக்கர் மகிழ்ந்து வரவேற்றனர் என்று எண்ணிவிடலாகாது. ஆங்கிலம் கற்றால் அரசாங்க மருத்துவப் பணி கிடைக்கும். நல்ல ஊதியம் உண்டு. தமிழில் கற்றால் கிராமத்தில்தான் வாழ வேண்டும். கிறீனார் விரும்பியதும் அதுவே. ஆங்கிலத்தில் பயின்ற பலர் அரசுப் பணியை நாடிப் போவதை அவர் கண்டிருந்தார். தம் மாணாக்கர் தம் ஊரிலேயே, தம் மக்களிடையே, தம் மொழியில் பேசி மருத்துவம் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் ஓர் இளைஞனின் பக்கத்திலிருந்து இதனை நோக்கினால் வேறு தோன்றும். பிறர் ஆங்கிலம் கற்று உயர, நான் மட்டும் ஏன் தமிழோடு கிராமத்தில் நிற்க வேண்டும் என்று அவன் வினவினால் அவ்வினாவில் நியாயம் இல்லையென்று கூற முடியுமா? இந்நூற்றாண்டிலும் நம் வகுப்பறைகளில் அதே வினா வேறு உருவில் எழுகின்றது. அதற்கு விடையளித்து விட்டதாக நான் எண்ணவில்லை.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. நாட்டு வைத்தியரின் அறிவை அவர் உரிய அளவு மதித்தவரல்லர். சமயம் பரப்புவதே அவரை அனுப்பியவர்களின் முதல் நோக்கம்; அவர் உள்ளத்திலும் அதுவே முதலிடம் பெற்றிருந்தது. இதனை மூடி மறைத்து அவரைத் தூய தமிழ்த்தொண்டராக மட்டும் காட்டுவது வரலாறு ஆகாது. ஆனால் சமயம் மாறியவர்கள் உடையிலும் நடையிலும் மேனாட்டாரைப் போலாவதை அவர் சிறிதும் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அக்காலத்து ஐரோப்பியருள் இவ்வெண்ணம் அரிது.

1867-இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1872-இல் வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம் ஆகிய இரு பெருநூல்களும் வெளிவந்தன. இவற்றுள் பின்னது, கிரே எழுதிய புகழ்மிக்க உடற்கூற்று நூலின் தமிழாக்கம். ஆங்கில மூலம் 1858-இல் இலண்டனில் 750 பக்கங்களும் 363 படங்களும் கொண்டு வெளியானது. நூலாசிரியர் என்றி கிரே 1861-இல் பெரியம்மை கண்டு தம் முப்பத்து நான்காம் வயதில் இறந்தார். படங்களை வரைந்த கார்ட்டரோ பம்பாய் வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகி, தொழுநோயை ஆராய்ந்தார். நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைக் கெடுப்பது அந்நோய். நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளில் அது தமிழில் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று உலகப் புகழ் பெறும் ஒரு மருத்துவ நூல் தமிழுக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும்?

மானிப்பாயில் பயின்ற மாணாக்கன் நரம்பு மண்டலத்தின் பேருருவைக் கற்க இயன்றது. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகள், முண்ணாணிலிருந்து புறப்படும் 31 இணை நரம்புகள், எண்ணத்துக்கும் விருப்புக்கும் இடமாகிய பெருமூளை, உடலைத் தள்ளாடாது நிறுத்தும் சிறுமூளை, மூச்சையும் நெஞ்சத் துடிப்பையும் நாம் உறங்கும்போதும் காத்து நிற்கும் முகுளம் ஆகியவை அன்றைய உடற்கூற்றறிவுக்கு எட்டியவை. ஆனால் நுண்ணுருவை அன்று உலகில் எவரும் அறியார். கிறீனார் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்ட 1873-ஆம் ஆண்டிலேதான், இத்தாலியின் கோல்சி என்பார் வெள்ளி உப்பால் நரம்புத் திசுவைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையை வெளியிட்டார். அதனைக் கைக்கொண்டு ஸ்பெயின் நாட்டுக் கஹால், நரம்பு மண்டலம் இடையறாத வலையன்று, தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்று 1888 முதல் நிறுவினார். ஓர் அணுவின் கிளையும் அடுத்த அணுவும் ஒட்டுவதில்லை. இடையே கண்ணுக்குப் புலனாகா இடைவெளி உண்டு. பெரும்பாலும் வேதிப்பொருள்களே அதனைக் கடந்து செய்தி கொண்டு செல்கின்றன. அத்தகைய நரம்பணுக்கள் மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன என்று இன்று கணக்கிடுகின்றனர்.

மாணவியின் வினாவுக்கும் இங்கு விடை கூறிவிடலாம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோலணுக்கள் பன்னிரண்டு கோடி அளவில் உள்ளன. நேராக நோக்குங்கால் உருவம் விழும் நடுக்குழியில் அவை இல்லை. ஓரமாக நோக்கச் சொன்னது அதற்காகவே. ஒளி அங்கே மின்குறிப்பாக மாறுகிறது. ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் சேர்ந்த பார்வை நரம்பு அதனை ஏந்திச் செல்கிறது. இரு கண்களின் நரம்புகளும் வழியில் சந்திக்க, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பாதி இழைகள் எதிர்ப்புறம் கடக்கின்றன. இடப்புறக் காட்சி வலமூளைக்கும் வலப்புறக் காட்சி இடமூளைக்கும் சேர்கின்றன. இறுதியில் தலையின் பின்புறத்தில், பிடரிக்கு மேலே, காட்சி தோன்றுகிறது. 25 இலட்சம் ஆண்டுப் பயணத்தின் கடைசிச் சாண் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

இந்நரம்புச் சந்திப்பை வரைந்து காட்டிய பழைய படம் ஒன்று இன்றும் உள்ளது. பசுராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னு அல் ஹைதமின் ஒளிநூற்படி அது. 1083-இல் எழுதப்பட்டு இஸ்தான்புல் சுலைமானியா நூலகத்தில் பேணப்படுகிறது. கண்கள், நரம்புகள், அவை கூடுமிடம் ஆகியவற்றைக் காட்டும் அப்படத்தை, நரம்பு மண்டலப் படங்களுள் நமக்குக் கிடைத்த மிகப் பழையதாகக் கூறுவர். அரபிலும் பின்னர் இலத்தீனிலும் வழங்கிய அறிவு, ஆங்கிலம் வழியாக மானிப்பாயில் தமிழ் உடுத்தது.

கிறீனாரிடம் பயின்று வெளிவந்த தமிழ் மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் அரசு தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் பயிற்றியது. காலத்தின் காற்றும் அத்திசையிலேயே வீசிற்று. நூல்கள் அலமாரிகளில் தங்கின. அவற்றையும் அவரையும் மீண்டும் தமிழுலகின் கண்முன் கொணர்ந்தவர்களுள் ஈழத்துக் கவிஞர் அம்பி குறிப்பிடத்தக்கவர். மானிப்பாயில் கிறீனாரின் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.

உஸ்டர் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழை விடவில்லை. கடல்கடந்து வந்த தமிழ் நூற்படிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1875-இல் கெமிஸ்தம் வெளிவந்தது. டால்டனின் உடலியங்கியலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883-இல் அச்சேறியது. பனி மூடிய அந்த ஊரில், தமிழ் எழுத்தைப் பிழை பார்த்தவர் அவர் ஒருவராகவே இருந்திருப்பார். மறு ஆண்டு, 1884 மே 28-ஆம் நாள், தாம் பிறந்த கிறீன்ஹில்லிலேயே உயிர்நீத்தார். உஸ்டர் நகரக் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவுக் கல் உள்ளது. பெயரும் ஆண்டுகளும் பொறித்த அக்கல்லில், தமிழருக்கு மருத்துவப் பணியோடு நற்செய்தி கொண்டு சென்றவர் என்னும் குறிப்பு காணப்படுகிறது.